கோள் சொல்லும் தசைகள்: மயஸ்தீனியாவும் ஒளிஞ்சிருக்கும் கேன்சரும்

இது கொஞ்சம் நீளமான கதை மக்களே. முந்நூறு வருஷத்துக்கு மேல இழுக்கும். நடுவுல ஒரு மின்சார விலாங்கு, ஒரு தைவான் கட்டுவிரியன், கொஞ்சம் முயல், கொஞ்சம் சுண்டெலி, கடைசியா ஒரு கடல் நத்தைன்னு ஒரு மிருகக்காட்சி சாலையே வரும். டீயோ காபியோ பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல பாரிஸ் போவோம். அங்கே ஆர்மாண்ட் த்ரூசோன்னு ஒரு பெரிய மருத்துவர் இருந்தார். 1865ல வெளிவந்த அவருடைய சொற்பொழிவுல ஒரு வினோதமான விஷயத்தைச் சொன்னார். ஒருத்தருக்குக் கை கால்ல இருக்குற ரத்தக் குழாய்கள்ல காரணமே இல்லாம ரத்தம் உறைஞ்சு வீங்குது, ஒரு இடத்துல சரியானா இன்னொரு இடத்துல வருதுன்னா, உடம்புக்குள்ள எங்கேயோ புற்றுநோய் ஒளிஞ்சிருக்கான்னு சந்தேகப்படணும் என்பது அவர் கருத்து. ரெண்டு வருஷம்கூட ஆகல. 1867 ஜனவரியில தன்னோட இடது கையிலேயே அதே அறிகுறியைப் பார்த்தார். என் கதை முடிஞ்சதுன்னு மாணவர்கிட்ட சொன்னாராம். அந்த வருஷம் ஜூன் மாசம் வயிற்றுப் புற்றுநோய்ல இறந்துபோனார்.

தன் நோயைத் தானே கண்டுபிடிச்ச சோகக்கதையா இதை நிறைய பேர் சொல்வாங்க. எனக்கு இதுல முக்கியமாப் படறது வேற. கேன்சர் ஒரு இடத்துல சத்தமில்லாம பதுங்கி இருக்கும். அது இருக்குற சேதியைச் சம்பந்தமே இல்லாத இன்னொரு உறுப்பு வந்து கோள் சொல்லும். இந்த எண்ணம் மருத்துவத்துல பலமா கால் ஊன்றின இடங்கள்ல த்ரூசோவின் அந்தச் சொற்பொழிவும் ஒண்ணு. அவர் கதையில கோள் சொன்னது ரத்தக் குழாய். நாம பார்க்கப்போறது தசை.

*

தசை பலவீனத்தோட கதை இன்னும் முன்னாடியே ஆரம்பிக்குது. 1672ல தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் லத்தீன்ல ஒரு புத்தகம் எழுதினார். (மூளைக்கு அடியில ரத்தக் குழாய்கள் வளையம் மாதிரி இருக்குமே, மருத்துவ மாணவர்கள் வில்லிஸ் வட்டம்னு மனப்பாடம் செய்வாங்களே, அதே வில்லிஸ்தான்.) அதுல ஒரு பெண்மணியைப் பத்திச் சொல்றார். காலையில நல்லாத்தான் பேசுவாங்க. கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசினா குரல் தேய்ஞ்சு தேய்ஞ்சு சுத்தமா நின்னுடும். ஒரு மணி ரெண்டு மணி நேரம் ஓய்வெடுத்தா மறுபடி குரல் வந்துடும்.

இந்த "உழைச்சா ஓயும், ஓய்ஞ்சா தேறும்" என்கிற குணம்தான் இந்த நோயோட கையெழுத்து. ஆனா இருநூறு வருஷத்துக்கு யாரும் பெருசா கண்டுக்கல. 1879ல ஜெர்மனியின் வில்ஹெல்ம் எர்ப் மூணு நோயாளிகளைப் பத்தி எழுதினார். கண்ணிமை தொங்குது, மெல்ல முடியல, கழுத்து நிக்கல. 1893ல வார்சாவிலிருந்து சாமுவேல் கோல்ட்ஃப்ளாம் இன்னும் விரிவா எழுதினார். 1895ல பெர்லின்ல ஃப்ரீட்ரிக் யோலி அதுக்குப் பேர் வெச்சார்: மயஸ்தீனியா கிராவிஸ். கிரேக்கமும் லத்தீனும் கலந்த பேர், கடுமையான தசைத் தளர்ச்சின்னு அர்த்தம். யோலி இன்னொரு காரியமும் செஞ்சார். நோயாளியோட தசையை மின்சாரத்தால திரும்பத் திரும்பத் தூண்டினார். முதல் தடவை நல்லா சுருங்கின தசை, போகப்போக சோர்ந்து போச்சு. நோயாளி சோம்பேறி இல்ல, நடிக்கல, மனசுல கோளாறு இல்ல, தசையிலதான் ஏதோ நடக்குதுன்னு காட்ட ஒரு சாட்சி கிடைச்சுது.

(இந்தியாவுல இந்த நோயோட பேரைப் பரவலா தெரிய வெச்சவர் அமிதாப் பச்சன். 1980கள்ல தனக்கு இது வந்ததை அவரே வெளிப்படையா சொல்லியிருக்கார்.)

1901ல பிராங்க்ஃபர்ட்ல லேக்கர், வைகெர்ட்னு ரெண்டு பேர். மயஸ்தீனியாவால இறந்த ஒருத்தரோட உடலைப் பரிசோதிச்சாங்க. மூளை, தண்டுவடம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா நெஞ்செலும்புக்குப் பின்னால, தைமஸ் சுரப்பி இருக்குற இடத்துல ஒரு கட்டி! தசை பலவீனமானவருக்கு நெஞ்சுக்குள்ள எதுக்குக் கட்டி? அந்தக் காலத்துல தைமஸ் என்ன வேலை செய்யுதுன்னே யாருக்கும் தெரியாது. குழந்தைப் பருவத்துல பெருசா இருந்து, வயசாக ஆகச் சுருங்கிப் போற ஒரு உறுப்பு, அவ்வளவுதான். நோய் எதிர்ப்புப் படையோட சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்குற பள்ளிக்கூடம் அது, எது நம்மாள், எது அந்நியன்னு அங்கேதான் பாடம் நடக்குதுன்னு தெரிய 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

தெரியாமலே அதை வெட்டி எடுத்தாங்க. 1911ல சூரிச்ல சாவர்ப்ரூக் என்ற அறுவை மருத்துவர், தைராய்டு கோளாறும் மயஸ்தீனியாவும் சேர்ந்திருந்த ஒரு இளம்பெண்ணுக்கு தைமஸை எடுத்தார். தசை பலவீனம் குறைஞ்சுது. 1936ல அமெரிக்காவின் நாஷ்வில்ல ஆல்ஃபிரட் பிளேலாக், பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு தைமஸ் கட்டியை எடுத்தார். அந்தப் பொண்ணும் தேறினாங்க. (பின்னாடி 1944ல நீலக் குழந்தைகளுக்கான இதய அறுவை செஞ்சு உலகப் புகழ் பெற்ற அதே பிளேலாக்.) இன்னிக்கு கணக்கு என்னன்னா, மயஸ்தீனியா வந்தவங்கள்ல நூத்துக்குப் பத்திலிருந்து பதினைஞ்சு பேருக்கு தைமஸ் கட்டி இருக்கு. அதனாலதான் மயஸ்தீனியான்னு உறுதியானதும் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. "கண்ணு சொக்குதுன்னு வந்தா நெஞ்சுக்கு ஏன் ஸ்கேன்?"னு சண்டை போடுறவங்களுக்கான பதில் 1901லயே கிடைச்சாச்சு.

*

அடுத்து வர்றவங்க இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்ல செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரங்க. அந்த ஆஸ்பத்திரி பெரிய ஆராய்ச்சிக் கூடம் எல்லாம் இல்ல. ஏழை பாழைங்க வர்ற நகராட்சி மருத்துவமனை. அங்கே வந்துபோன டெரெக் டென்னி பிரவுன் என்ற நரம்பியல் நிபுணர், மயஸ்தீனியா நோயாளியைப் பார்த்தா குராரே விஷம் ஏறின ஆள் மாதிரி இருக்குன்னு பேச்சுவாக்குல சொல்லியிருக்கார். குராரேன்னா தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில தடவுற விஷம்.

கேட்டவங்க பலர் இருந்திருப்பாங்க. யோசிச்சவங்க மேரி வாக்கர். குராரேவுக்கு மாற்று மருந்து ஃபைசோஸ்டிக்மின். அப்போ அதையே மயஸ்தீனியாவுக்கும் போட்டா என்ன? 1934ல போட்டுப் பார்த்தாங்க. தொங்கிக்கிட்டிருந்த இமை மெல்ல மேல ஏறிச்சு. சில மணி நேரம் கழிச்சு மருந்து வேகம் குறைஞ்சதும் மறுபடி இறங்கிடுச்சு. நோயைக் குணப்படுத்தல. ஆனா கோளாறு நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்துலதான்னு அந்த ஒரு ஊசி காட்டிக்கொடுத்துடுச்சு. அந்த வருஷம் ஜூன்ல லான்செட் பத்திரிகையில சின்னக் கடிதமா அது வந்துச்சு. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு அப்புறமும் அந்த அம்மாவைத் தேடிப் பெரிய பதவி எதுவும் வரல. நகராட்சி ஆஸ்பத்திரியிலேயே காலத்தை ஓட்டிட்டாங்க.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது புரியறது சுலபம். நல்லபாம்பு கடிச்சவருக்கு முதல்ல தொங்குறது கண்ணிமைதான். ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்தோட நியோஸ்டிக்மின் ஊசியும் போடுவாங்க. மேரி வாக்கர் 1935ல பயன்படுத்திக் காட்டின அதே மருந்து. பாம்பு விஷமும் மயஸ்தீனியாவும் ஒரே கதவைத்தான் அடைக்குது.

*

அந்தக் கதவு என்னன்னு பார்த்துடுவோம். இது புரிஞ்சாத்தான் மிச்சக் கதை புரியும்.

நரம்பு தசையைத் தொடுறது இல்ல. நடுவுல மெல்லிய இடைவெளி இருக்கு. நரம்பு நுனியை ஒரு தபால் ஆபீஸ்னு வெச்சுக்குங்க. மூளையிலிருந்து தந்தி வந்ததும் ஆபீஸ் ஷட்டர் திறக்கணும். அந்த ஷட்டர்தான் கால்சியம் வாசல். வாசல் திறந்து கால்சியம் உள்ளே போனா, அசிடைல்கோலைன் என்கிற கடிதங்கள் கட்டுக்கட்டா வெளியே வரும். எதிர்ப்பக்கம் தசையில தபால் பெட்டிகள் வரிசையா இருக்கும். பெட்டியில கடிதம் விழுந்தா தசை சுருங்கும்.

மயஸ்தீனியாவுல என்ன நடக்குதுன்னா, தசைப் பக்கம் இருக்குற தபால் பெட்டிகளை யாரோ உடைச்சுடறாங்க. கடிதம் சரியாத்தான் வருது, போடத்தான் பெட்டி இல்ல. நியோஸ்டிக்மின் மாதிரி மருந்து, கடிதங்களைக் குப்பையில போடுற ஆளைத் தடுத்து நிறுத்துது. கடிதம் கொஞ்ச நேரம் கூடுதலா சுத்திக்கிட்டிருக்கும், மிச்சமிருக்குற பெட்டியில எப்படியாவது விழும்.

பெட்டி சரியா இருந்து, ஷட்டர் மக்கர் பண்ணினா? அங்கேதான் வருது ரெண்டாவது நோய்.

*

1948ல ஒரு கட்டுரை வந்துச்சு. நுரையீரல் கேன்சர் இருந்த ரெண்டு பேருக்கு, கேன்சர் பரவாத நரம்புகள் தேய்ஞ்சு போயிருந்ததைப் பத்தி. எழுதினவர் யாருன்னு நினைக்கிறீங்க? குராரேன்னு பேச்சுவாக்குல சொன்ன அதே டென்னி பிரவுன்! கட்டி ஓரிடம், சேதம் வேறிடம் என்கிறதை நரம்பியல்காரங்க உத்துப் பார்க்க ஆரம்பிச்சது அப்போதான்.

1953ல லண்டன் மருத்துவர்கள் மூணு பேர் (ஆண்டர்சன், சர்ச்சில் டேவிட்சன், ரிச்சர்ட்சன்) லான்செட்ல இன்னொரு நோயாளியைப் பத்தி எழுதினாங்க. நுரையீரல் கட்டி இருந்தவர், கை கால் பலவீனமும் இருந்துச்சு. மூச்சுக்குழாயைப் பரிசோதிக்க சக்சினைல்கோலைன் கொடுத்தாங்க. சில நிமிஷத்துல வேகம் இறங்க வேண்டிய மருந்து அது. இவருக்கு மூச்சு நீண்ட நேரம் திரும்பவே இல்ல. அதைவிட ஆச்சரியம் அப்புறம்தான். நுரையீரல் கட்டியை எடுத்த பிறகு தசை பலவீனம் குறைஞ்சுது! நெஞ்சுல கத்தி வெச்சா காலுக்கு பலம் வருது.

இந்தப் புதிரை ஒழுங்கா அளந்து பார்த்தது அமெரிக்காவின் மேயோ கிளினிக். எட்வர்ட் லாம்பர்ட், லீ ஈட்டன், கூட டக்ளஸ் ரூக். லாம்பர்ட் உடலியங்கியல் ஆள். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, போர் விமானிகள் வேகமா திரும்பும்போது மயங்காம இருக்க உடை தயாரிச்ச குழுவுல இருந்தவர். போர் முடிஞ்சதும் நரம்புகளோட மின்சாரத்தை அளக்குறதுல இறங்கினார். 1956லயும் 1957லயும் இவங்க வெளியிட்ட முடிவு, யோலி பார்த்ததுக்கு நேர்மாறு. மயஸ்தீனியாவுல தசை முதல்ல பலமா சுருங்கி அப்புறம் சோர்வடையும். இந்த நோயாளிகள்ல முதல் சுருக்கமே ரொம்ப சின்னது. ஆனா வேகவேகமா தூண்டினா பலம் ஏறிக்கிட்டே போகுது, பல மடங்கா!

ஷட்டர் உதாரணத்தை நினைச்சுப் பாருங்க. துருப்பிடிச்ச ஷட்டரை ஒரு தட்டு தட்டினா திறக்காது. திரும்பத் திரும்பத் தட்டினா கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். அதேதான். பின்னாடி 1968ல லாம்பர்ட்டும் எல்ம்குவிஸ்ட்டும் ஒரு நோயாளியோட விலா எலும்பு இடுக்குத் தசையை எடுத்து, நுண்ணிய மின்முனையால அளந்தாங்க. ஒவ்வொரு கடிதக் கட்டும் சரியான அளவுதான், வெளியே வர்ற கட்டுகளோட எண்ணிக்கைதான் குறைவுன்னு தெரிஞ்சுது. நோய்க்கு லாம்பர்ட் ஈட்டன் நோய்க்குறின்னு பேர் வந்துச்சு. ஈட்டன் 1958லயே காலமாகிட்டார். லாம்பர்ட் 2003 வரை இருந்தார்.

*

கதைக்கு நடுவுல ஒரு சொந்த விஷயம். இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பிச்சதே என் பெரியப்பாவாலதான்.

ரைஸ் மில்லுல கணக்கு எழுதினவர். நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. திடீர்னு தரையில உட்கார்ந்து சாப்பிட்டா எழுந்திருக்க முடியல. தூணைப் பிடிச்சுக்கிட்டு, இல்லன்னா யாராவது கை கொடுத்துத்தான் எழுப்பணும். வாய் எப்பவும் வறண்டு கிடக்கும். சோத்துல ரசத்தைக் கொட்டிக்காம முழுங்க முடியாது. "அறுபது தாண்டினா அப்படித்தான்"னு வீட்டுல சொன்னாங்க. ஒரு இடத்துல மூட்டுத் தேய்மானம்னாங்க, இன்னொரு இடத்துல சத்து ஊசி போட்டாங்க. எட்டு மாசம் இப்படியே போச்சு.

கடைசியா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பார்த்தாங்க. முட்டிக்குக் கீழ சுத்தியலால தட்டினாங்க, கால் அசையவே இல்ல. அப்புறம் தன் உள்ளங்கையை அவர் கணுக்கால் மேல வெச்சு, "ஐயா, என் கையை நல்லா எத்தித் தள்ளுங்க, விடாம தள்ளுங்க"ன்னு பத்து வரைக்கும் எண்ணினாங்க. உடனே மறுபடி தட்டினாங்க. கால் துள்ளுச்சு. அந்தம்மா நிமிர்ந்து பார்த்து முதல்ல கேட்ட கேள்வி: "பீடி, சிகரெட் பழக்கம் உண்டாங்கய்யா?"

கால் நோவுக்கு வந்த ஆள்கிட்ட பீடியைப் பத்தி ஏன் கேக்குறாங்கன்னு எங்களுக்கு அன்னிக்குப் புரியல. நெஞ்சு ஸ்கேன்ல நுரையீரல் நடுவுல ஒரு கட்டி தெரிஞ்சப்பதான் புரிஞ்சுது. அதுவரைக்கும் அவருக்கு இருமல்கூட கிடையாது. கீமோ ஆரம்பிச்சு சில மாசத்துல, தூணைப் பிடிக்காம எழுந்தார். பேத்தி கல்யாணப் பந்தியில நின்னு பரிமாறினார். அதுக்கப்புறம் ஒண்ணரை வருஷம் இருந்தார். அந்த முதல் எட்டு மாசமும் கையில இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா கால் எட்டு மாசமா கத்திக்கிட்டு இருந்துச்சு, கேக்கத்தான் ஆள் இல்ல என்கிறது மட்டும் நிஜம்.

*

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். தபால் பெட்டியை உடைக்கிறது யாரு? ஷட்டரைத் துருப்பிடிக்க வெக்கிறது யாரு?

1960ல ஸ்காட்லாந்தின் ஜான் சிம்ப்சன் ஒரு யூகம் சொன்னார். நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே தவறிப்போய் நம்ம தசையைத் தாக்குது. யூகம்தான், ஆதாரம் இல்ல. ஆதாரம் வந்தது விலாங்கு வழியா. மின்சார விலாங்கோட மின்னுறுப்புல இந்தத் தபால் பெட்டிகள், அதாவது அசிடைல்கோலைன் ஏற்பிகள், ஏராளமா இருக்கும். 1973ல கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்துல ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் ரெண்டு பேரும் அந்த ஏற்பியைப் பிரிச்செடுத்து முயல்களுக்கு ஊசி போட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது ஆராய்ச்சிக்கு எதிர்ப்பான்கள் மட்டும்தான். ஆனா முயல்கள் ஒண்ணொண்ணா துவண்டு விழுந்துச்சு. மயஸ்தீனியா மருந்து கொடுத்தா எழுந்துச்சு. விலாங்கு ஏற்பியை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்பான், முயலோட சொந்த ஏற்பியையும் அடிச்சு நொறுக்கியிருந்துச்சு.

அதே வருஷம் பால்டிமோர்ல, மனுஷங்க தசையில பெட்டிகளை எண்ணிப் பார்த்தாங்க. எண்ண உதவினது தைவானைச் சேர்ந்த ஒரு கட்டுவிரியன். நம்ம கட்டுவிரியனோட ஒண்ணுவிட்ட பங்காளி. அதோட விஷத்துலேர்ந்து 1963ல சாங், லீ என்ற ரெண்டு தைவான் விஞ்ஞானிகள் பிரிச்செடுத்த பொருள், ஏற்பியோட போய் அப்படியே ஒட்டிக்கும். எத்தனை ஒட்டுதோ அத்தனை பெட்டி. மயஸ்தீனியா நோயாளிகளுக்கு அது வெகுவா குறைஞ்சிருந்துச்சு. அந்தக் கட்டுரையை எழுதின மூணு பேர்: ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி. மூணாவது பேரைப் பார்த்ததும் படிக்கிறதை ஒரு நிமிஷம் நிறுத்தி சிரிச்சுக்கிட்டேன் :-)

லாம்பர்ட் ஈட்டன் மர்மத்தை உடைச்சது லண்டன்காரர் ஜான் நியூசம் டேவிஸோட குழு. 1981ல நோயாளிகளோட ரத்தத்துல இருந்த எதிர்ப்பான்களைப் பிரிச்சு சுண்டெலிகளுக்குத் தினமும் செலுத்தினாங்க. நோயோட அதே மின் அடையாளம் எலிக்கும் வந்துச்சு. அப்போ இதுவும் சொந்தப் படையே தாக்குற நோய்தான். ஆனா கேன்சருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? 1985ல அதே குழு பதில் கண்டுபிடிச்சு நேச்சர் இதழ்ல எழுதிச்சு. ஆய்வகத்துல வளர்த்த சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் செல்களுக்குள்ள கால்சியம் போறதை, நோயாளியோட எதிர்ப்பான்கள் தடுத்துச்சு. அதாவது கேன்சர் செல்லோட உடம்புலயும் அதே கால்சியம் வாசல் இருக்கு!

இப்போ மொத்தப் படமும் தெரியும். சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், நரம்பு செல்களோட குணங்கள் பலதைக் கொண்டது. நரம்புல இருக்கவேண்டிய கால்சியம் வாசலை அதுவும் வெச்சிருக்கு. எதிர்ப்புப் படை அதைப் பார்த்து, இங்க இருக்கக்கூடாத சரக்காச்சேன்னு தாக்குது. தாக்க ஆயுதம் செய்யுது. அதே ஆயுதம் ரத்தத்துல மிதந்து போய், நரம்பு நுனியில இருக்குற நியாயமான வாசலையும் அடிக்குது. திருடன் போலீஸ் சட்டை போட்டிருந்தான்னு, அந்தச் சட்டை போட்ட எல்லாரையும் அடிச்சா எப்படி இருக்கும்? நிஜப் போலீஸுக்கும் சேர்த்து அடி விழும்.

1995ல மேயோ கிளினிக்கின் வாண்டா லெனன் குழு, எந்த வகைக் கால்சியம் வாசல்னு துல்லியமா சொல்லி ரத்தப் பரிசோதனையாவே ஆக்கிட்டாங்க. அதுக்கு உதவினதுதான் நான் முதல்ல சொன்ன கடல் நத்தை. மீனைக் குத்தி மயக்கிப் பிடிக்கிற கூம்பு நத்தையோட விஷம், கால்சியம் வாசல்ல போய் ஒட்டிக்கும்.

*

இனி கொஞ்சம் கணக்கு. லாம்பர்ட் ஈட்டன் அபூர்வமான நோய். ஆனா வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு உள்ளே கேன்சர் இருக்கும், பெரும்பாலும் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், பெரும்பாலும் புகை பிடிக்கிறவங்க. மறுபக்கம் பார்த்தா, சிறுசெல் புற்றுநோய் வந்தவங்கள்ல நூத்துக்கு மூணு பேருக்குத்தான் இந்த நோய் வரும். தசை பலவீனம் வந்த பிறகுதான் பொதுவா கேன்சர் கண்ணுல படும். அதனாலதான் முதல் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா நிம்மதியா போயிடக்கூடாது. ரெண்டு வருஷம் வரைக்கும் சில மாசத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் பார்க்கணும் என்கிறது இன்னிக்கு நடைமுறை. ஒளிஞ்சிருந்தா பெரும்பாலும் முதல் வருஷத்துலயே அகப்பட்டுடும். 2011ல நெதர்லாந்து, இங்கிலாந்து மருத்துவர்கள் சேர்ந்து, வயசு, புகைப் பழக்கம், எடை குறைஞ்சதா என்கிற மாதிரி எளிய கேள்விகளை வெச்சே யாருக்கு ஆபத்து அதிகம்னு மதிப்பெண் போடுற முறையும் கொண்டுவந்தாங்க.

இதே குடும்பத்துல இன்னொரு நோய், டெர்மடோமயோசைடிஸ். அங்க பாதிக்கப்படுறது தசையும் தோலும். இமையில ஊதா நிறம், விரல் முட்டிகள்ல சிவப்புத் தடிப்பு, கை தூக்கித் தலைவார முடியாத பலவீனம். 1916லயே இதையும் வயிற்றுப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்து ஜெர்மனியில எழுதியிருக்காங்க. பெரியவங்களுக்கு இது வந்தா கருப்பை அருகிலிருக்கும் சினைப்பை, நுரையீரல், வயிறுன்னு கேன்சர் தேடுறது இன்னிக்கு வழக்கமாயிடுச்சு.

மருந்து? 1980கள்ல ஸ்வீடன்காரங்க 3,4 டைஅமினோபிரிடின் கொடுத்துப் பார்த்தாங்க. ஷட்டர் திறந்திருக்குற நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கிற மருந்து. நல்லா வேலை செஞ்சுது. அமெரிக்காவுல ஒரு சின்னக் கம்பெனி இதைப் பல வருஷம் நோயாளிகளுக்கு இலவசமாவே கொடுத்துக்கிட்டிருந்துச்சு. 2018 நவம்பர்ல வேற ஒரு கம்பெனிக்கு முறைப்படி அனுமதி கிடைச்சதும், அதே ரசாயனத்துக்கு வெச்ச விலை வருஷத்துக்கு 3,75,000 டாலர்! அடுத்த வருஷம் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஏன் இந்த விலைன்னு கேட்டுக் கடிதமே எழுதினார். எதிர்ப்பான் பண்ற அநியாயத்தைவிட இது பெரிய அநியாயமா இருக்கே!

நியூசம் டேவிஸ் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியாது. 1936ல பிளேலாக் தைமஸை எடுத்ததிலிருந்து உலகம் பூரா எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா கட்டி இல்லாத மயஸ்தீனியாவுக்கும் அது நிஜமா உதவுதான்னு முறையா ஒப்பிட்டுப் பார்த்தவங்க யாரும் இல்ல. அந்தச் சோதனையை நடத்த ஓய்வுபெற்ற பிறகும் நாடு நாடா அலைஞ்சவர் அவர். 2007 ஆகஸ்ட்ல, ருமேனியாவுல அந்தச் சோதனையில பங்கெடுத்த ஒரு மையத்தைப் பார்த்துட்டு வர்ற வழியில கார் விபத்துல இறந்துட்டார். அவர் இல்லாமலே சோதனை முடிஞ்சு 2016ல முடிவு வந்துச்சு. 126 நோயாளிகள். பதில்: ஆமா, உதவுது. எண்பது வருஷக் கேள்விக்கு பதில்.

*

இந்த மொத்தக் கதையிலயும் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது ஒண்ணுதான். லாம்பர்ட் ஈட்டனோட சேர்ந்து வர்ற சிறுசெல் புற்றுநோய்க்காரங்க, அது இல்லாம கேன்சர் மட்டும் வந்தவங்களைவிட சராசரியா அதிக நாள் வாழுறாங்கன்னு ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு. சீக்கிரம் கண்டுபிடிக்கிறது ஒரு காரணம். எதிர்ப்புப் படை கட்டியோடவும் சண்டை போட்டுக்கிட்டே இருக்கிறது இன்னொரு காரணமா இருக்கலாம்னு நினைக்கிறாங்க. அப்படிப் பார்த்தா இந்தப் பலவீனம் வெறும் தவறு இல்ல; நல்லது செய்யப்போன படை வழியில செஞ்ச சேதம்.

2018ல ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தாசுகு ஹோன்ஜோவுக்கும் நோபல் கிடைச்சது, எதிர்ப்புப் படையோட பிரேக்கை எடுத்துவிட்டு கேன்சரைத் தாக்க வைக்கிற வழியைக் கண்டதுக்காக. அந்த மருந்துகள் பலரைக் காப்பாத்தியிருக்கு. அதோட பக்கவிளைவுகள்ல, அரிதா, ஆனா ஆபத்தா வர்ற ஒண்ணு என்ன தெரியுமா? மயஸ்தீனியா! இயற்கை எப்பவோ தானா செஞ்சு காட்டின கணக்கை நாம மருந்தால செய்யப்போனா, அதே மீதிதான் வருது.

அதனால வீட்டுல யாராவது சாயங்காலமானா இமை இறங்குதுன்னோ, ரெட்டை ரெட்டையா தெரியுதுன்னோ, கொஞ்சம் கொஞ்சமா மாடிப்படி ஏற முடியலன்னோ, வாய் வறண்டு கால் எழும்பலன்னோ சொன்னா, "வயசாச்சு, சும்மா இரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. முக்கால்வாசி நேரம் ஒண்ணுமே இருக்காது. மீதி நேரத்துல அது கோள் சொல்ல வந்த தசையா இருக்கலாம். ஒரு நரம்பியல் மருத்துவர் பத்து நிமிஷம் பார்த்தாலே விஷயம் பாதி தெரிஞ்சுடும். கூடவே புகைப் பழக்கம் இருந்தா அதை மறைக்காம சொல்லச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. ராத்திரி தூக்கம் வராம மருத்துவ வரலாறு படிக்கிற ஆசாமி. இதைப் படிச்சுட்டு கண்ணாடி முன்னாடி போய் இமையை அளந்து பார்க்காதீங்க. நானும் பார்த்தேன், ரெண்டும் ஒரே அளவுதான் இருக்கு :-)